சாயங்காலம் ஏறுற ஆறு

மத்தியானம் மூணு மணிக்கு என் பையன் ஆத்துல தண்ணி தொடுற இடத்துல ஒரு வெள்ளைக் கல்ல வச்சுட்டு வந்தான். ஆறு மணிக்குப் போய் பாத்தா கல்லக் காணோம். யாரோ எடுத்துட்டாங்கன்னு அழ ஆரம்பிச்சுட்டான். நான் கிட்டப் போய் குனிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, கல்லு வச்ச இடத்துலயேதான் இருக்கு, அது மேல நாலு விரல் உசரத்துக்கு தண்ணி ஓடுது. மழை ஒரு சொட்டு கிடையாது, வானம் பூரா நீலம். எங்க வேன் நின்ன இடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல பத்தடி இருந்தா ஜாஸ்தி.

இது ஹிமாச்சல்ல ஜிஸ்பாங்கற ஊர்ல, பாகா ஆத்தங்கரைல. ஜூன்ல பசங்க லீவுக்கு டெல்லிலேந்து, உள்ளயே சமைச்சுத் தூங்கற மாதிரி ஒரு கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்துட்டு நாங்க நாலு பேர், கூட எங்க அத்தை, லாஹௌல் பக்கம் போய்ட்டு வந்தோம். மயூர் விஹார்ல வீட்டுக்குள்ள 44 டிகிரில வெந்துட்டிருந்த நேரம், ஆறும் ஏரியும் உள்ள இடமா ஒரு வாரம் இருந்துட்டு வரணும்னு ரொம்ப நாளா ஆசை. மணாலி வரைக்கும் ஹைவேதான், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல அடல் டனல், 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல தொறந்தது. இந்தப் பக்கம் நுழையும்போது தேவதாரு மரமும் பச்சையும், அந்தப் பக்கம் வெளில வந்தா மொட்டைப் பாறை, பனி, கீழ சந்திரா ஆறு. அத்தை ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டாங்க.

அந்தக் கல்லு விஷயத்துக்கு வரேன். மேல வயல்ல பட்டாணிக்குத் தண்ணி பாய்ச்சிட்டிருந்த ஒரு அம்மா எங்களப் பாத்துட்டு வேகமா இறங்கி வந்தாங்க. ஹிந்தில அவங்க சொன்னது இதுதான்: "காலைல இது வேற ஆறு, சாயங்காலம் வேற ஆறு, வண்டிய மேல எடுங்க." உடனே எடுத்தோம். ரோட்டுக்குப் பக்கத்துல மேடான இடத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை குடுத்துட்டு, அப்புறம்தான் காப்பி போட்டேன்.

எனக்குத் தெரிஞ்ச ஆறு காவேரி. கும்பகோணத்துல வளந்தவளுக்கு மேட்டூர் தொறந்தா ஆத்துல தண்ணி வரும், மழை பேஞ்சா வரும், அவ்ளோதான். வெயில் அடிச்சா ஆறு ஏறும்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. ஆனா அங்க அதுதான் கணக்கு. காலைல பத்து மணிக்கு மேல வெயில் ஏற ஏற மேல பனி உருகுது, அந்தத் தண்ணி ஓடையா இறங்கி ஆத்துல சேந்து கீழ வந்து சேர சாயங்காலம் ஆயிடுது, சில இடத்துல ராத்திரி கூட ஆகும், அப்புறம் குளிர்ல உருகறது குறைஞ்சு விடியக்காலைலதான் ஆறு இருக்கறதுலயே கம்மியா ஓடும். வானம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தண்ணி. அதனாலதான் ரோட்டக் குறுக்க வெட்டி ஓடுற நாலாவையெல்லாம் (மலை ஓடைங்க) காலைல சீக்கிரமே தாண்டிடணும்னு அந்த ஊர் டிரைவருங்க சொல்றாங்க, மத்தியானத்துக்கு மேல அதே எடத்துல வண்டி மாட்டிக்கும்.

தண்ணியோட நிறமும் நம்ம ஆறு மாதிரி இல்ல. அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெளுப்பா கலங்கலா இருக்கு. பனிப்பாறை நகரும்போது அடில இருக்கற கல்ல மாவா அரைக்குது, அந்த மாவு தண்ணில வருது. ஒரு சொம்புல மொண்டு வச்சா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அடில சாம்பல் கலர்ல மெல்லிசா படியும். வடிகட்டாம வேன் டாங்க்ல ஊத்தினா பம்பு போயிடும்.

மணாலி ஹைவேய ஒட்டிக் கீழ ஓடுற பியாஸ் ஆத்துல வேற மாதிரி ஆபத்து, அங்க அணைங்க இருக்கு. 2014 ஜூன் 8ஆம் தேதி லார்ஜி அணைலேந்து தண்ணி தொறந்து விட்டப்போ, மண்டி மாவட்டத்துல தலோட் பக்கம் ஆத்துப் பாறைல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டிருந்த ஹைதராபாத் காலேஜ் பசங்க 24 பேர அடிச்சுட்டுப் போயிடுச்சு. அந்த ஹைவேல இப்பவும் வண்டிய ஓரம் கட்டிட்டு குழந்தைங்களத் தூக்கிட்டு பாறைக்கு இறங்கறவங்களப் பாத்தேன், வயித்தக் கலக்குச்சு. தயவுசெஞ்சு இறங்காதீங்க. 2023 ஜூலைல அதே பியாஸ் ரோட்டையே பல இடத்துல தின்னுட்டுப் போச்சு, அதனால மழைக்காலத்துல அந்தப் பக்கம் வேன் எடுத்துட்டுப் போறதே வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

வேன் டாங்க்ல நூறு லிட்டர் பிடிக்கும். மொத நாள் மத்தியானத்துக்குள்ள முக்கால்வாசி காலி, ஏன்னா எல்லாரும் வீட்டு பாத்ரூம் மாதிரி குழாயத் தொறந்து விட்டுட்டுப் பல்லு தேச்சோம். மறுநாள்லேந்து அத்தை பொறுப்ப எடுத்துக்கிட்டாங்க. ஆளுக்கு ஒரு சொம்பு. பாத்திரத்தக் கழுவறதுக்கு முன்னாடி பழைய பேப்பரால வழிச்சுடணும். கழுவின மொத தண்ணிய அடுத்த பாத்திரத்துக்கு ஊத்தணும். அவங்க சின்ன வயசுல கெணத்துத் தண்ணி எறச்சுக் குடும்பம் நடத்தினவங்க, டாங்க்கு மூணு நாள் வந்துச்சு.

சாதத்துக்குக் கண்டிப்பா குக்கர் வேணும். சிஸ்ஸு, ஜிஸ்பா எல்லாம் 3,000 மீட்டருக்கு மேல, அங்க தண்ணி கிட்டத்தட்ட 90 டிகிரிலயே கொதிச்சுடும், தொறந்த பாத்திரத்துல பருப்பு எவ்ளோ நேரம் போட்டாலும் நறுக்கு நறுக்குன்னுதான் இருக்கும். குளிருதுன்னு அடுப்ப எரிய விட்டுட்டு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுத் தூங்காதீங்க, அதுலேந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே இல்லாம ஆளக் கொன்னுடும். கம்பளி ரெண்டு ஜாஸ்தி எடுத்துக்கோங்க.

எனக்கு மனசு ஆறாத விஷயம் டாய்லெட். வேன்ல கேசட் டாய்லெட், அடில இருக்கற பெட்டிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெளில எடுத்துக் கொட்டணும். எங்க கொட்டறதுன்னு வேன் குடுத்தவங்ககிட்ட கேட்டேன். "ஆத்தோரமா எங்கயாவது கொட்டிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான்"னு சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. தாண்டில பாகாவும் சந்திராவும் கூடற இடத்துல நாங்க ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். ரெண்டும் பாரலாச்சா கணவாயோட ரெண்டு பக்கமும் பொறந்து, வேற வேற வழில சுத்தி வந்து அங்க ஒண்ணு சேருது. நிலாவோட பொண்ணும் சூரியனோட பையனும் கல்யாணம் பண்ணிக்கிட்ட எடம்னு அங்க கதை சொல்றாங்க. அதுக்கப்புறம் அது சந்திரபாகா, கீழ போனா செனாப். எத்தன ஊரு அதக் குடிக்குது! கூடுதுறைனா நமக்கு முழுக்குப் போடற எடம், அதுல போய் மலத்தக் கொட்டறதா?

நாங்க பண்ணினது இதுதான். ராத்திரிக்கும் அத்தைக்கும் மட்டும் அந்த டாய்லெட், மத்தவங்க பகல்ல ஹோம்ஸ்டே, டாபா கக்கூஸ். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு ஹோம்ஸ்டேல கேட்டு, காசு குடுத்து, அவங்க செப்டிக் டாங்க்குக்குப் போற கக்கூஸ்ல கொட்டிட்டுக் கழுவிட்டு வந்தோம், கேக்கவே கூச்சமா இருந்துச்சு, ஆனா ஒருத்தர் கூட முகம் சுளிக்கல. அதுல ஊத்தச் சொல்லி வேன்ல ஒரு நீல மருந்து வச்சிருந்தாங்க, அத நாங்க தொடல, செப்டிக் டாங்க்ல அழுக்கத் தின்னுற கிருமிய அது கொன்னுடும். பாத்திரம் கழுவின தண்ணிய ஆத்துலேந்து எண்பது தப்படி தள்ளிப் போய் மண்ணுல பரவலா ஊத்தினோம், சோறு பருக்கைய மட்டும் வடிகட்டிக் குப்பைப் பையில.

தீபக் தால்ங்கற ஏரி ரோட்டை ஒட்டியே இருக்கு, காலைல ஏழு மணிக்குப் போனோம், காத்து இல்ல, மலை அப்படியே தண்ணிக்குள்ள தலைகீழா நின்னுச்சு. என் பெரிய பொண்ணு அரை மணி நேரம் வாயே தொறக்கல. கரைல ரெண்டு சிப்ஸ் பாக்கெட்டு கிடந்துச்சு, அவளே போய் எடுத்துட்டு வந்தா.

சந்திரதால் இந்தத் தடவ போகல. 4,200 மீட்டருக்கு மேல, 2005லேந்து ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல இருக்கற ஏரி, கரைல கேம்ப் போட விடமாட்டாங்க, அது ரொம்ப சரி. கிராம்ஃபூங்கற எடத்துலேந்து அங்க போற ரோடு கல்லும் நாலாவுமா இருக்கும், நீள வேனுக்கு அது ஆகாது. செப்டம்பர் கடைசில திரும்பப் போறோம், வேன சிஸ்ஸுல விட்டுட்டு அங்கேந்து உள்ளூர் ஜீப், விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு இப்பவே பேசி வச்சாச்சு.

மறுநாள் காலைல ஜிஸ்பால ஆறு பழையபடி இறங்கியிருந்துச்சு, பையன் ஓடிப் போய் பாத்தான், வெள்ளைக் கல்லு ஈரமா அங்கயே இருந்துச்சு, அத வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டான், வேண்டாண்டா கண்ணா, அங்கயே இருக்கட்டும்னு அத்தை சொல்லிட்டாங்க.