லூயிஸ், கிளார்க்குடன் ஒரு செப்டம்பர்

செப்டம்பர் 14

பசிபிக் கடலுக்கு வழி தேடி அமெரிக்க அரசு அனுப்பிய குழுவின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும். 1805-இல் அவர்கள் அமெரிக்காவின் மேற்கிலுள்ள பிட்டர்ரூட் மலைகளைக் கடந்தபோது எழுதிய குறிப்புகளை அந்தந்தத் தேதியிலேயே படித்து வருகிறேன். கிளம்பி மூன்றே நாள், கறி இல்லை. இன்று ஒரு குதிரைக்குட்டியை அடித்துத் தின்றிருக்கிறார்கள். வழிகாட்டி டோபி, ஷொஷோனி பழங்குடிக் கிழவர், பாதை மாறி அவர்களை ஆற்றங்கரைக்கு இறக்கிவிட்டார். நாளை மறுபடி ஏற வேண்டும்.

செப்டம்பர் 15

ஏற்றத்தில் குதிரைகள் சறுக்கி விழுந்தன. கிளார்க்கின் எழுதுமேசையைச் சுமந்த குதிரை 40 கஜம் உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. மேசை நொறுங்கியது, குதிரைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மேசை போன அன்றும் குறிப்பு எழுதாமல் விடவில்லை மனுஷன்.

செப்டம்பர் 16

விடிவதற்கு முன்பே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பாதை தெரியவில்லை. நெஸ் பெர்ஸே பழங்குடி மக்கள் மலைக்கு அப்பால் காட்டெருமை (பைசன்) வேட்டைக்குப் போய்வரும் பாதை இது. அவர்களுடைய குதிரைகளின் மூட்டைகள் உரசி உரசி மரங்களில் தடம் விழுந்திருந்தது. அந்தத் தேய்ந்த பட்டையைத் தேடித் தேடித்தான் இவர்கள் நடந்தார்கள். இவர்களைப் போய் ‘வழி கண்டவர்கள்’ என்கிறோம்!

காலுறை இல்லாதவர்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டார்கள். மெல்லிய தோல் செருப்புக்குள் பாதம் உறைந்துவிடுமோ என்று கிளார்க்குக்கே பயம். ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு முன்னால் விரைந்து, பின்னால் வருபவர்களுக்குத் தீ மூட்டி வைத்தார். இந்தக் கூட்டத்தில் 7 மாதக் கைக்குழந்தையோடு, மொழிபெயர்க்கக் கூட வந்த ஷொஷோனிப் பெண் சககவேயாவும் இருந்தார். அவர் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால்!

செப்டம்பர் 18

ஆறு வேட்டைக்காரர்களுடன் கிளார்க் முன்னே போய்விட்டார். லூயிஸ் சாப்பாட்டுக் கையிருப்பை எண்ணுகிறார்: டின் சூப் கொஞ்சம், கரடி எண்ணெய் கொஞ்சம், மெழுகுவர்த்தி சுமார் 20 பவுண்டு. ஆமாம், விலங்குக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தியும் அந்தக் கணக்கில்தான்.

செப்டம்பர் 20

கிளார்க் மலையிறங்கிச் சமவெளிக்கு வந்துவிட்டார். மூன்று நெஸ் பெர்ஸே சிறுவர்கள் இவர்களைக் கண்டதும் ஓடிப் புல்லுக்குள் ஒளிந்துகொண்டார்கள். துப்பாக்கியையும் குதிரையையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தேடினார். இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஆளுக்கொரு துண்டு ரிப்பன் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். ஊரார் உணவு கொடுத்தார்கள்: உலர்ந்த சால்மன், கேமஸ் கிழங்கு.

செப்டம்பர் 22

லூயிஸும் வந்து சேர்ந்தார். பட்டினி கிடந்த வயிற்றில் கிழங்கையும் மீனையும் அள்ளிப் போட்டதில் எல்லோருக்கும் வயிறு கெட்டுப்போனது.

திரும்பும் பயணத்தை ஆவல் தாங்காமல் இன்றே புரட்டிவிட்டேன். 1806 ஜூனில் வழிகாட்டி இல்லாமல் ஏறிப் பார்த்து, பனியைக் கண்டு திரும்பிவிட்டார்கள். அப்புறம் நெஸ் பெர்ஸே இளைஞர்கள் முன்னே நடந்தார்கள். இந்த முறை ஆறே நாள்.