பாம்பனில் அம்மா நடந்த பக்கம்

பாம்பன் ஊர்ப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைப் பாலத்தில் நடக்கத் தொடங்கினோம். 1988-ல் திறந்த பாலம். அடியில் படகுகள் போய்வர நடுவில் மேடாக உயர்ந்திருக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி. ஆட்டோ பிடிக்கலாமா என்றேன். "சும்மா வாடா, மெதுவா நடப்போம்" என்றார்.

நடந்தவர்கள் எல்லோரும் ரயில் பாலம் தெரியும் ஓரத்தில்தான் போனார்கள். மறுபக்கம் ஆளே இல்லை. அம்மாவும் வெயிலைப் பார்க்காமல் அந்த ஓரத்துக்கே போனார். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மட்டும் 72.5 மீட்டர் நீளம். கப்பல் வந்தால் 17 மீட்டர் நேராக மேலே எழும்பும். அன்று எழும்பவில்லை. ஆனால் அதையே பார்த்துக்கொண்டு வந்ததில், மேடு ஏறுவதே அம்மாவுக்கு உறைக்கவில்லை.

சென்னையில் இதே அம்மா எங்கள் பகுதி நடைமேம்பாலத்தில் கால் வைக்க மாட்டார். கையைக் காட்டிக்கொண்டே வண்டிகளுக்கு நடுவில் கடப்பார். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. போக வேண்டிய கடை எதிரிலேயே தெரியும்போது, ஏறி, திரும்பி, மறுபடி இறங்க எந்த முழங்கால் சம்மதிக்கும்? ஆனால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் போகும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை அவருக்குப் பிடிக்கும். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிய உயரத்திலேயே போய்விடலாம். ஏறியது வீணாகாது.

சாயங்காலம் ராமேஸ்வரம் கோயில். மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களும் இரு பக்கமும் மேடை மேல் நிற்கின்றன. நாம் நடப்பது கீழே, சமதரையில். சுற்றி வர அரை கிலோமீட்டருக்கு மேல். யாரும் வழி கேட்கவில்லை. தூண் வரிசையே கண்ணைக் கடைசி வரை கூட்டிப் போகிறது. முழுச் சுற்றும் வந்த பிறகுதான் அம்மா உட்கார்ந்தார்.

அப்புறம் கந்தமாதன பர்வதம் என்ற குன்று. உச்சி மண்டபத்தில் ராமர் பாதம். படிகளைப் பார்த்ததும் "நீ போய்ட்டு வா" என்றார். பாதியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "இங்க வரைக்கும் வாம்மா, நல்ல காத்து" என்று கூப்பிட்டார். அதுவரை ஏறினார். அங்கிருந்து மண்டபம் பக்கத்தில் தெரியவே, மீதியையும் ஏறிவிட்டார்.

மேல்தளத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு அப்பால் கோபுரம், சுற்றிலும் கடல். "அங்கேருந்தா வந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே, இருட்டும் வரை அம்மா இறங்கவில்லை.