சான் ஹோசே, கோஸ்டா ரிகா, அக்டோபர் 2024

அக்டோபர் 8, செவ்வாய்
மெர்க்காடோ சென்ட்ரால் போனேன். வழி கேட்டா தெருப் பேரை யாரும் சொல்லல, சர்ச்லேர்ந்து நூறு மீட்டர் வடக்கு, அங்கேர்ந்து அம்பது மேற்குன்னுதான் சொல்றாங்க, நூறு மீட்டர்னா ஒரு தெரு நீளம்னு கணக்காம், அது தெரியாம நான் காலால அளந்துட்டு நடந்தேன். 1880லேர்ந்து இருக்கற மார்க்கெட். உள்ள சந்து சந்தா போகுது, எதிர்ல ஆள் வந்தா பை இடிக்குது. ஒரு கடைல சௌசௌ குவிஞ்சு கிடந்துச்சு. நம்ம ஊர்ல பெங்களூர் கத்திரிக்காங்கறோம், அதுக்கு சொந்த மண்ணு இந்தப் பக்கம்தான், இங்க சயோட்டே. நாலு வாங்கி ரெண்ட கூட்டு வெச்சேன். அவர் ரெண்டு வாய். அவ்ளோதான்.

அக்டோபர் 9, புதன்
போன் வரல.

அக்டோபர் 10, வியாழன்
மூலிகைக் கடை. தலைக்கு மேல கத்தை கத்தையா காஞ்ச செடி தொங்குது. எனக்கு ஸ்பானிஷ் வராது, வயித்தத் தொட்டு வாந்தி வர்ற மாதிரி காட்டினேன், அந்தம்மா சிரிச்சுட்டே குழந்தைய ஆட்டற மாதிரி கைய ஆட்டிக் கேட்டாங்க. ஐயோ இல்லம்மா, எனக்கில்ல. மி அமோர்னு என்னமோ சொல்லி ஹுவானிலாமா ஒரு கட்டு குடுத்தாங்க (மி அமோர்னா என் அன்பே, கடைக்கு வர்ற எல்லாருக்கும் அதுதான், எங்க வீட்ல ஒரு நாள் சொன்னதில்ல). இலையக் கசக்கி மூக்குகிட்ட காட்டினாங்க, எலுமிச்ச வாசம். கொதிக்க வெச்சுக் குடுத்தேன், குடிச்சார். பத்து நிமிஷத்துல பாத்ரூம் கதவு.

ராத்திரி ஒம்பதுக்கு அத்தை போன், அங்க காலைல எட்டரை. என்னடி சாப்ட்டான்? கூட்டு சாதம் அத்தை, நல்லா சாப்ட்டார்.

அக்டோபர் 12, சனி
மார்க்கெட்டுக்குள்ள சோடான்னு போர்டு, குடிக்கற சோடா இல்ல, நம்ம மெஸ் மாதிரி சின்ன சாப்பாட்டுக் கடை. அங்க சான்னு ஒரு ஜூஸ், ஊற வெச்ச விதை, அப்படியே சப்ஜா மாதிரி வழவழன்னு. பாதி குடிக்கறப்பதான் போனப் பாத்தேன், சிக்னலே இல்ல. எவ்ளோ நேரமா இல்லன்னு தெரியல, அந்த நேரம் பாத்து கூப்ட்டிருந்தா, எடுக்கலன்னா திரும்பக் கூப்பிடுவாங்களா, சனிக்கிழமை யாராவது வேலை செய்வாங்களா, க்ளாஸ அப்படியே வெச்சுட்டு வெளிய ஓடினேன், நல்ல மழை, போன துப்பட்டாக்குள்ள பொத்திப் பாத்தா மிஸ்டு கால் ஒண்ணுமில்ல. காசு குடுக்காம வந்துட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு
மார்க்கெட் லீவு. மழை. கஞ்சி வேண்டாமாம்.

அக்டோபர் 14, திங்கள்
மொதல்ல சோடா கடைக்குப் போய் காசக் குடுத்தேன். அப்புறம் லோலோ மோரா ஐஸ்க்ரீம் கடை, 1901லேர்ந்து இருக்காம், ஒரே ருசிதான், மஞ்சளா இருக்கு. கப்புல வாங்கி டாக்ஸில பறந்தேன், ஓரமெல்லாம் உருகிடுச்சு. மொத்தமும் சாப்ட்டார்! கப்ப வழிச்சுட்டே "கிராம்பு போட்டிருக்கானா, பட்டையும் வருதே"ங்கறார். எத்தன நாளாச்சு சாப்பாட்டப் பத்தி அவரா ஒரு வார்த்த பேசி.

இன்னிக்கு அத்தைகிட்ட நெஜத்தையே சொல்லலாம். ஆனா ஐஸ்க்ரீம்னா திட்டுவாங்க. கூட்டுன்னே சொல்லிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்
மிச்ச ரெண்டு சௌசௌல ஒண்ணு நுனில பொளந்து முளை விட்டிருக்கு. நறுக்க மனசு வரல, ஜன்னல்ல வெச்சேன்.

நாலு மணிக்கு கூப்ட்டாங்க. நாளைக்கு பத்து மணிக்கு ரெண்டு பேரும் நேர்ல வரணுமாம். போன்லயே சொன்னா என்னவாம்.