எலும்புக்குப் போனாலும் அது மார்புச் செல்தான்

அல்சூர் அத்தையின் தோழிக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டதாம். "மார்புல இருந்தது எலும்புக்கு எப்படிடா போகும், கால் முளைச்சா?" என்று கேட்டார். நான் பிஎச்டி பண்ணுவதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு.

கிட்டத்தட்ட கால் முளைப்பதுதான். மார்புச் செல்கள் ஈ-கேடெரின் என்ற புரதத்தால் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. ஜெப்-1 என்ற இன்னொரு புரதம் பெருகினால் ஈ-கேடெரின் உற்பத்தி அடங்கி, பிடி தளர்ந்து, செல் நகர ஆரம்பித்துவிடும். ஜெப்-1-ஐ அடக்கி வைத்திருப்பது மைக்ரோஆர்என்ஏ-200 குடும்பம். மைக்ரோஆர்என்ஏ என்றால் புரதம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ துண்டு. இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர், ஆளுக்கு ஏறக்குறைய 22 எழுத்து நீளம், அவ்வளவுதான். ஜெப்-1 புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாகவிடாமல் செய்வார்கள். ஜெப்-1 மட்டும் சும்மா இருக்குமா, அது இந்த ஐவரின் மரபணுக்களையே அடக்கிவிடும். "எங்க ஓரகத்தி கதையா இருக்கே" என்றார் அத்தை.

ஆனால் யாராவது ஒருவர்தான் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. இழுபறியிலேயே, பாதி ஒட்டியும் பாதி நகர்ந்தும் ஒரு செல் நிலையாக இருக்க முடியும் என்று 2013-இல் ஒரு குழு கணக்குப் போட்டுக் காட்டியது. அதில் ஒருவரான மோகித் குமார் ஜாலி இப்போது இங்கேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். இந்த அரைகுறைச் செல்கள் கூட்டமாகவும் கிளம்பக்கூடியவை. எனக்குப் பயம் தருபவை இவைதான்.

மைக்ரோஆர்என்ஏவைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2024-இல் நோபல் கொடுத்ததற்கு அப்புறம் வாட்ஸப்பில் மைக்ரோஆர்என்ஏவை ரட்சகனாக்கிவிட்டார்கள், எரிச்சலாக இருக்கிறது. போன இடத்தில் குடியேற மறுபடி ஒட்டும் குணம் வேண்டுமே! அந்தக் குணத்தைக் காக்கும் 200 குடும்பத்தைக் கூட்டியபோது எலிகளின் நுரையீரலில் புற்று அதிகமாகக் குடியேறியதை 2011-இலேயே பார்த்திருக்கிறார்கள். வேறு குடும்பத்து மைக்ரோஆர்என்ஏ-34-ஐ மருந்தாகக் கொடுத்த சோதனையும் கடுமையான எதிர்ப்பாற்றல் கோளாறுகளால் 2016-இல் நின்றுபோனது.

"சரி, அப்போ அவளுக்கு இருக்கிறது எலும்புப் புற்று இல்லையா?"

இல்லை அத்தை, எங்கே போனாலும் அது மார்புச் செல்தான், அதனால்தான் மார்புப் புற்றுக்கான மருந்தையே கொடுக்கிறார்கள் என்றேன். நான் கை கழுவி வருவதற்குள் தோழிக்குப் போன் போட்டு, "கேட்டியா, அது எலும்பு இல்லையாம்" என்று ஆரம்பித்துவிட்டார்.