ஃபில்டர் அம்பைத் தொட்டாலே நின்றுபோன எக்செல் ஃபைல், நான் சரிசெய்த விதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், வந்துவிடும், 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும், நடுவில் கிடைக்கிற சில நாட்களில் நாம் வாங்கிய நூல், சாயம், நிட்டிங் கூலி பில் எல்லாம் 2பியில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டு முடிக்க வேண்டும். அதில் இல்லாத பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நம் வரியில் கழிக்க முடியாது, அந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

2024 செப்டம்பரில், 17ஆம் தேதி, இப்படி ஒப்பிடுகிற எக்செல் ஃபைல் நகரவே இல்லை. ஃபில்டர் அம்பைத் தொட்டால் வட்டம் சுற்றும், மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் பட்டியல் திறக்கும். ஆகஸ்ட் ஷீட்டில் இருந்தது வெறும் 2,100 வரிசை, ஆனால் ஃபைல் 46 எம்பி. ரேம் 8 ஜிபிதான், 16 ஆக்கிவிடலாம் என்று சிஸ்டம் பார்க்கிறவர் சொன்னார், முதலாளியும் சரி என்றார். பக்கத்து மேசை அக்காதான், “தம்பி, அதுக்கு முன்னாடி கன்ட்ரோல் எண்ட் அடிச்சுப் பாருங்க” என்றார்.

ஷீட்டில் பயன்படுத்திய கடைசி செல்லுக்குக் கொண்டுபோகிற பட்டன்கள் அவை. அடித்தேன். கர்சர் போய் நின்ற இடம் வரிசை 10,48,576. எக்செல் ஷீட்டின் கடைசி வரிசையே அதுதான். தலைப்புக்குக் கீழே ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் ஷிஃப்ட் கீழ் அம்பை இரண்டு முறை அழுத்தி யாரோ பார்டர் போட்டிருக்கிறார்கள், மாதாமாதம் அதே ஷீட்டையே நகல் எடுத்து வந்திருக்கிறோம். டேட்டா இல்லாவிட்டாலும் அந்த லட்சக்கணக்கான செல்களுக்கும் கோடு உண்டு, ஃபைல் அத்தனையையும் சுமக்கிறது.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன். ஃபில்டரை எடுத்துவிட்டு, டேட்டா முடிகிற வரிசைக்கு அடுத்த வரிசையின் எண்ணைத் தொட்டு, கன்ட்ரோல் ஷிஃப்ட் கீழ் அம்பு, அப்புறம் ரைட் கிளிக் செய்து டெலீட். கீபோர்டில் உள்ள டெலீட் பட்டனை அழுத்தினால் போதாது, அது உள்ளே இருப்பதை மட்டும் அழிக்கும், கோடு அப்படியே நிற்கும். சேவ் செய்துவிட்டு மறுபடி கன்ட்ரோல் எண்ட், இப்போது டேட்டாவின் கடைசி செல்லிலேயே நின்றது. ஜூலை ஷீட்டுக்கும் இதே வேலை. ஃபைல் 5 எம்பிக்கு இறங்கியது.

இருந்தாலும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஏழெட்டு வினாடி பிடித்தது. ஹோம் பகுதியில், நிபந்தனைப்படி செல்லுக்கு நிறம் போடுகிற கண்டிஷனல் ஃபார்மேட்டிங், மேனேஜ் ரூல்ஸ் திறந்து ‘திஸ் வொர்க்‌ஷீட்’ தேர்ந்தெடுத்தால், ஒரே சிவப்பு நிற விதி முழம் நீளத்துக்கு வரிசையாக நிற்கிறது. காப்பி பேஸ்ட் செய்யும்போதெல்லாம் அது துண்டு துண்டாகப் பெருகியிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்து ஒன்றே ஒன்று போட்டேன். அப்புறம், பில் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்க ஒவ்வொரு வரிசையிலும் இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபார்முலா இருந்தது. அது ஷீட்டில் எதைத் தொட்டாலும் மறுபடி கணக்குப் போடுகிற ரகம், ஆஃப்செட், இன்டைரக்ட் என்கிற ஃபார்முலாக்கள் இரண்டும் அப்படித்தான். ஒரு செல்லில் கன்ட்ரோல் செமிகோலன் அழுத்தித் தேதியை வைத்து, எல்லா வரிசையும் அதைப் பார்க்கும்படி மாற்றினேன். முடிந்த மாதங்களில், வேறு பட்டியலில் தேடி எடுத்து வருகிற விலுக்கப் ஃபார்முலாக்களை எல்லாம் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூவாக மாற்றிவிட்டேன்.

கால்குலேஷனை மேனுவலில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வரிக் கணக்குக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுபடி கணக்குப் போட வைக்கிற எஃப்9 பட்டனை அழுத்த ஒருமுறை மறந்தால் பழைய தொகையே தாக்கலாகிவிடும்.

இப்போது ஃபில்டர் தொட்டதும் திறந்தது, திறந்த பிறகுதான் பெரிய சிக்கலே கண்ணில் பட்டது. மாதக் கடைசி பில்களை மட்டும் பார்க்கலாம் என்று தேதிப் பட்டியலை இறக்கினேன். 2024 என்பதன் கூட்டல் குறியைத் திறந்தால் ஆகஸ்ட் மட்டும்தானே இருக்க வேண்டும், ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதமும் இருந்தது. ஒவ்வொரு மாதத்தையும் திறந்தால் உள்ளே ஒரே ஒரு தேதி, 8. அதற்கும் கீழே 13-08-2024, 14-08-2024 என்று மாதத்துக்குள் அடங்காமல் தனித்தனியாக ஒரு வரிசை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் புரிந்தது. ஜூலைக் கடைசியில் சிஸ்டத்துக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டபோது தேதி எழுதும் முறையைத் தீர்மானிக்கிற ரீஜன் அமெரிக்காவில் நின்றுவிட்டது, அங்கே மாதம்தான் முன்னால். ஆகஸ்ட் கொள்முதல் ரிஜிஸ்டரை சிஎஸ்வி ஃபைலாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக எடுத்து அப்படியே திறந்ததால் 05-08 என்பது மே 8 ஆகிவிட்டது. 12க்கு மேல் மாதம் கிடையாது என்பதால் மீதி எல்லாம் வெறும் எழுத்தாகத் தங்கிவிட்டது. எழுத்தாக நிற்பவற்றை டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம் என்ற வரிசை) கொடுத்துத் திருத்தலாம். ஆனால் மே 8 ஆகிப்போனதைப் பார்த்து அது தப்பு என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பயம். ரீஜனை ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று மாற்றி, அசல் சிஎஸ்வியை மறுபடி திறந்து முழுக்கப் புதிதாக ஒட்டினேன்.

ஒப்பிட்டதில் 140 பில் பொருந்தவில்லை. அதில் பாதிக்கு மேல் பில் எண் ஒரு பக்கம் 0452 என்றும் மறுபக்கம் 452 என்றும் இருந்ததால்தான், இரண்டையும் ஒரே மாதிரி எழுத்தாக மாற்றியதும் சேர்ந்துகொண்டன. நிஜமாகவே 2பியில் வராதவை 31. அவற்றை ஃபில்டர் செய்து, ஆல்ட் செமிகோலன் அழுத்தி, கண்ணுக்குத் தெரிகிற செல்களை மட்டும் காப்பி செய்து தனி ஷீட்டில் ஒட்டினேன். கூட்டுத்தொகைக்கு சம் போடாதீர்கள், ஃபில்டரில் மறைந்த வரிசையையும் சேர்த்துக் கூட்டும். சப்டோட்டல் ஃபார்முலாவில் 9 கொடுத்தால் தெரிவதை மட்டும் கூட்டும்.

அந்த 31 பில்லுக்கும் 18ஆம் தேதி காலையிலிருந்து பார்ட்டிகளுக்கு ஃபோன் போட ஆரம்பித்தேன். ரேம் வாங்கவில்லை.