மூணு பேர் போன கதை

மகளுக்கு ஒன்பது வயசு. உதட்டுப் பிளவுக்கு மூணு மாசத்திலும் அண்ணப் பிளவுக்கு (மேல்வாய்) ஒரு வயசிலும் ஒப்பரேஷன் முடிஞ்சது. ரெண்டும் இலவசம், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஈறுப் பிளவில் எலும்பு வைக்க ஆஸ்பத்திரியில தேதி வாங்கப் போனதுதான் பெரும்பாடு. வேட்டைப்பல் முளைக்கிறதுக்குள்ள இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைக்கணுமாம்.

முதல் தடவை, ஹட்டனில் விடியக்காலை பஸ். கினிகத்தேனை வளைவில் பிள்ளை ரெண்டு முறை வாந்தி. கவுண்டரில் பழைய டயக்னோசிஸ் கார்ட்டைக் கேட்டாங்க, முன்னாடி ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு விடும்போது குடுத்தது. அது எங்க தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகி, மை கரைஞ்சு, வெறும் அட்டையா இருந்தது. அது இல்லாம முடியாதுன்னு சிங்களத்தில் சொன்னவர் பிள்ளை முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கல. ரெண்டாம் தடவை, ஆஸ்பத்திரியில இருக்கிற பழைய ரெக்கோர்ட் எடுக்க பி.எச்.டி. (BHT) நம்பர் வேணுமாம், வார்ட்டில சேர்த்தப்ப போட்ட டிக்கட் நம்பர். அதுவும் கரைஞ்ச அட்டையிலதான் இருந்தது! யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா ஒரு பயணம் மிச்சம்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரரும் நானும் கணக்குப் பார்த்தோம். மலையில் பேர் போனது, அதாவது வேலைக்குப் போகாத நாளோட சம்பளம், அப்போ நாளைக்கு 1350 ரூபா, பஸ் காசு வேற, இன்னொரு நாளும் போகணும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா அறையில் வேற எங்க போய்ப் பேசுறது? கம்பளிக்குள்ள அவ முழிச்சிருந்தது தெரியாது.

காலையில சொன்னா: "எனக்கு இப்படியே இருக்கட்டும்மா. நீங்க பேர் போடுங்க."

மூக்கால பேசிக் கேலி பண்ணின பையனைத் தண்ணிப் போத்தலால அடிச்சவ இவ. அவனுக்கு அழாதவ, எங்க கணக்குக்கு அழுதிருக்கா. தலகாணி ஈரமா இருந்தது.

நம்பர் கிடைச்சது மிட்வைஃப் மிஸ்ஸோட புண்ணியம். பிள்ளையோட பழைய கிளினிக் கொப்பியில, பின் அட்டையில, பென்சிலால எழுதி வச்சிருந்தாங்க. மூணாம் தடவை அரை மணித்தியாலத்தில் வேலை முடிஞ்சது. ரெக்கோர்ட் வந்தது, தேதியும் கிடைச்சது.

உங்க பிள்ளைக்கும் இது இருந்தா, கார்ட் கையில கிடைச்ச அன்னிக்கே போனில படம் எடுத்திடுங்க. நம்பரை ரெண்டு இடத்தில எழுதுங்க. சிங்களம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

வர்ற வழியில நாவலப்பிட்டியில பஸ் நின்னப்ப மீன் பணிஸ் வாங்கப் போனேன். "பசிக்கலம்மா"ன்னா. காலையில இருந்து ஒரு பிளேன்டீதான் குடிச்சிருந்தா. கையில திணிச்சேன். பாதியைப் பிச்சுத் தம்பிக்குன்னு பேப்பர்ல சுத்தி வச்சிட்டு கேட்டா:

"ஒப்பரேஷனுக்கு எத்தனை பேர் போகும்?"