காசு கொடுத்தால் கர்னல்
பிரிட்டிஷ் ராணுவச் சட்ட வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன், நேற்றைய தூக்கம் போச்சு. 1871 வரை அங்கே காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியை விலைக்கு வாங்கலாம். கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று ஒவ்வொரு படிக்கும் தனி விலை. (பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் கிடையாது. அங்கே கணக்குத் தெரிய வேண்டுமே!)

போர்த்துறை அமைச்சர் கார்ட்வெல் இதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை இழுத்தடித்தது. சரி என்று பிரதமர் கிளாட்ஸ்டன் விக்டோரியா அரசியிடம் அரச ஆணை வாங்கி வேலையை முடித்துவிட்டார். துணிச்சல்தான், ஆனால் நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பதவி வாங்கியிருந்த அதிகாரிகளுக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் சிப்பாயின் முதுகில் தண்டனையாக விழுந்த சவுக்கடி ஒழிய 1881 ஆனது. ராணுவச் சிறைக்குள் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.